பத்தாயம் போயிற்று, பாஸ்புத்தகம் வந்தது!

புதுவை மாநிலத்தின் நெற்களஞ்சியம் எது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டாலும் "காரைக்கால்" என்றுதான் பதில் வரும். அந்த நெற்களஞ்சியத்து ஏழைகளைப் பார்த்து, "உங்களுக்கு அரிசி எதற்கு? இதோ பணம், வேண்டியதை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஒரு சர்க்கார் சொன்னது என்றால் நம்புவீர்களா, தோழர்களே? சொன்னது. சொன்னபடி செய்தும் காட்டியது. 2015 செப்டம்பரில் புதுச்சேரி, சண்டிகர் என்ற இரண்டு யூனியன் பிரதேசங்களைப் பரிசோதனைக் களமாகத் தேர்ந்தெடுத்து, ரேஷன் தானியத்தை நிறுத்தி, அதற்கு ஈடு என்று சொல்லி வங்கிக் கணக்கில் பணம் போட ஆரம்பித்தார்கள். எந்தச் சட்டத்தின் பெயரால்? 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பெயரால்! ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் உரிமை என்று எழுதிய சட்டத்துக்கு, தானியமே இல்லாமல் ஒரு விதி எழுதிச் சேர்த்தார்கள்.

சண்டிகர் பெரிய நகரம். அங்கே வயல் ஏது, வரப்பு ஏது? அதன் சங்கதி நமக்கு வேண்டாம். நாம் பேச வந்தது திருமலைராயன்பட்டினத்தைப் பற்றி. கோப்பில் எழுதப்பட்ட ஒரு யோசனை, கிராமத்து அடுப்பங்கரைக்கு வந்து சேரும்போது என்னவாகிறது என்று காண வேண்டுமானால் இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

காரைக்காலுக்கும் நாகூருக்கும் இடையில், கடலை ஒட்டிக் கிடக்கிறது பட்டினம். காவிரியின் கிளைகளில் ஒன்றான திருமலைராயனாறு இங்கேதான் கடலில் கலக்கிறது. மேற்கே போலகம் பக்கம் வயல், கிழக்கே பட்டினச்சேரி மீனவர் குப்பம், தெற்கே வாஞ்சூர். வாஞ்சூரைத் தாண்டினால் தமிழ்நாடு. ஒருபுறம் எரிவாயுவில் ஓடும் மின் நிலையம், இன்னொருபுறம் 2009இலிருந்து நிலக்கரி இறங்கும் தனியார் துறைமுகம். காளமேகப் புலவர் கோபங்கொண்டு பாடி இந்த ஊரை மண்மாரி பெய்து மூடச் செய்தார் என்று ஒரு கதை உண்டு. பகுத்தறிவுக்கு ஒவ்வாத கதை. எனினும் கரித்தூளைத் துடைத்துத் துடைத்துச் சலித்துப்போன வாஞ்சூர்ப் பெண்கள் அந்தக் கதையை இப்போது கேட்டால் சிரிக்க மாட்டார்கள்.

1739இல் பிரெஞ்சுக்காரன் காரைக்காலை வளைத்துப் போட்டதற்குத் தஞ்சாவூர் நெல்லும் ஒரு காரணம். புதுச்சேரிக்குச் சோறு போட ஒரு வயற்காடு அவனுக்கு வேண்டியிருந்தது. 1954 நவம்பர் 1ஆம் தேதி கொடி மாறியது, வயல் மாறவில்லை. இன்றும் ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று பத்திரத்தில் பிரெஞ்சு அளவை எழுதிவிட்டு, வாயால் பேசும்போது "ரெண்டு மா", "மூணு மா" என்றுதான் சொல்கிறார்கள். நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. ஒரு மா என்பது சுமார் முப்பத்து மூன்று சென்ட். இரண்டு மாவும் மூன்று மாவும் வைத்திருப்பவனைத்தான் சர்க்கார் "குறு விவசாயி" என்கிறது. இவனுடைய வீட்டுச் சோற்றுக் கணக்கைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்கு பணத்தில் போட்ட கணக்கல்ல. தை மாதம் சம்பா அறுத்தால், விற்றது போக வீட்டுக்கென்று சில மூட்டை ஒதுக்குவார்கள். பத்தாயம் உள்ளவன் பத்தாயத்தில் கொட்டுவான்; இல்லாதவன் மண் குதிரில் கொட்டுவான். விதைக்கு வேண்டியதை வைக்கோல் சுற்றிக் கோட்டை கட்டி வைப்பான். வீட்டுக்காரி மாதத்துக்கு வேண்டிய நெல்லை எடுத்து அவித்து, வாசலில் காயப்போட்டு, மில்லுக்கு அனுப்புவாள். அரிசி வரும். அரிசி மட்டுமா வரும்? நொய் வரும், அது குழந்தைக்கும் நோயாளிக்கும் கஞ்சி. தவிடு வரும்; அது மாட்டுக்கும் கோழிக்கும். உமி வரும், அது அடுப்புக்கும், பிறகு சாம்பலாகிப் பாத்திரம் தேய்க்கவும். வயலில் நின்ற வைக்கோல் கூரைக்கும் தொழுவத்துக்கும். ஒரு மூட்டை நெல் வீட்டுக்குள் நுழைந்தால் இத்தனை வயிறு அதைக்கொண்டு நிறைந்தது. கடையில் வாங்கும் அரிசிப் பையை உதறிப் பாருங்கள், பைதான் மிஞ்சும்!

நெல்லோடு வேறு பண்டங்களும் வயலிலிருந்தே வந்தன. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னதாக, நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் விதைத்துவிடுவது கடைமடையின் பழைய வழக்கம். உழவு கிடையாது, உரம் கிடையாது, பாசனமும் கிடையாது. மண்ணில் எஞ்சியிருக்கும் ஈரத்தையும் மார்கழி தைப் பனியையும் குடித்தே அது விளைந்துவிடும். ஏழை வீட்டுக்கு ஓர் ஆண்டுக்கான பருப்பு அப்படித்தான் கிடைத்தது. வாய்க்காலில் கெண்டையும் குரவையும், வரப்பில் நண்டும் நத்தையும், தண்ணீர் நின்ற மேட்டில் ஆரைக்கீரையும் பொன்னாங்கண்ணியும். இவற்றையெல்லாம் காசு கொடுத்து வாங்கியதாக யாருக்கும் நினைவில்லை. அறுவடைக் காலத்தில் மீன்காரப் பெண்கள் கூடையில் மீனும் கருவாடும் சுமந்து வயற்காட்டுப் பக்கம் போவார்கள். நெல்லாக வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். கடற்கரைக்கும் வயலுக்கும் நடந்த அந்தப் பண்டமாற்றில் எந்தத் தரகனும் புகவில்லை. மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரத்துப் பெருமாள் பட்டினத்துக் கடற்கரைக்கு வரும்போது, "எங்கள் வீட்டு மாப்பிள்ளை" என்று உரிமை கொண்டாடி மீனவ மக்கள் வரவேற்கிறார்கள். பக்தி ஒருபுறம் இருக்கட்டும். மேட்டு நாட்டுக்கும் கரையோரத்துக்கும் கொள்வினை கொடுப்பினை இருந்தது என்பதற்கு இந்த உறவுமுறையே சாட்சி.

இங்கே ஒரு தோழர் எழுந்து நின்று கேட்கக்கூடும்: "பத்தாயம், பத்தாயம் என்கிறீர்களே, அது யார் வீட்டில் இருந்தது?" சரியான கேள்வி. பழங்காலத்தை நினைத்து உருகுவது நமக்கு ஆகாது. மிராசுதாரன் வீட்டுப் பத்தாயம் ஏணி வைத்து ஏறும் உயரம். அதை நிரப்பிய பண்ணையாளின் குடிசையில் இருந்தது ஒரு பானை. அதுவும் பாதி நாள் கவிழ்ந்தே கிடந்தது. அந்தப் பானைக்கு வந்த நெல் கூலி நெல். தஞ்சைத் தரணியின் பண்ணையாள் போராட்டமெல்லாம், எத்தனை மரக்கால், எத்தனை படி என்ற கேள்வியைச் சுற்றியே நடந்தது. 1952இல் சென்னை சர்க்கார் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தபோது காரைக்கால் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்ததால், எல்லைக்கு இப்பால் இருந்த ஆளுக்கு அந்தச் சட்டமும் கிட்டவில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் ஒரு நியாயம், இந்தப் பக்கம் ஒரு நியாயம்! பட்டினத்துக்குத் தென்மேற்கே, கீழ்வேளூர் பக்கத்தில் கீழவெண்மணி இருக்கிறது. கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கேட்டுச் சங்கம் கூடிய மக்களில் 44 பேர் 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் கேட்டது நெல்.

ஏன் நெல்லாகக் கேட்டார்கள்? விலை ஏறினாலும் இறங்கினாலும் ஒரு படி நெல் ஒரு படி நெல்தான் என்பது அவர்களுக்குத் தெரியும். 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென்னும் இதைத்தான் கண்டார். விளைச்சலில் பங்கு பெற்ற வாரக் குடிகளைவிட, காசுக் கூலியை நம்பிய விவசாயத் தொழிலாளிகளும் மீனவரும் அதிகமாக மடிந்தார்கள். அரிசி விலை எகிறியபோது கையிலிருந்த காசு கரைந்துபோயிற்று.

நிலமற்றவனுக்கு முதன்முதலாக ஒரு பத்தாயம் எப்போது கிடைத்தது தெரியுமா? ரேஷன் கடை வந்தபோது! மாதம் பிறந்தால் அரிசி உண்டு, மழை பொய்த்தாலும் உண்டு, மிராசுதாரன் முகம் சுளித்தாலும் உண்டு என்ற நிச்சயத்தை அவன் தலைமுறையில் முதல் தடவையாகத் தந்தது அந்தக் கடை. 1967 தேர்தலில் தமிழ்நாட்டு மேடைகளெல்லாம் ரூபாய்க்கு எத்தனை படி அரிசி என்றே பேசின, ஆட்சி மாறியது. 1997இல் மத்திய சர்க்கார், ஏழைகளைப் பொறுக்கியெடுத்து அவர்களுக்கு மட்டும் மலிவு விலை என்று ரேஷனைச் சுருக்கியபோது, தமிழ்நாடு அந்த வழியில் போக மறுத்து எல்லோருக்கும் என்ற முறையை விடாமல் வைத்துக்கொண்டது. 2011 ஜூன் முதல் அங்கே அரிசி இலவசம். வாஞ்சூரிலிருந்து ஒரு நடை தூரத்தில் நாகூர்க்காரனுக்கு அரிசி. வாஞ்சூர்க்காரனுக்கு வங்கிச் செய்தி. இதுதான் எல்லைக்கோட்டின் லட்சணம்.

சரி, பணம் கொடுத்தால் என்ன குறை? மத்திய சர்க்கார் வாதம் இது: ரேஷனில் திருட்டு நடக்கிறது, புழுத்த அரிசி வருகிறது, பணமாகக் கொடுத்தால் இடையில் ஒருவனும் உறிஞ்ச முடியாது, ஏழை தனக்குப் பிடித்ததை வாங்கிச் சாப்பிடலாம். இதில் ஒரு பாதி உண்மை என்பதை நாம் மறுக்கவில்லை. ரேஷன் அரிசி வேகும்போது தெருவே நாறிய நாள்கள் உண்டு. மூட்டை பின்வாசல் வழியாகப் போன கதைகளும் உண்டு. கூரை ஒழுகுகிறது என்றால் ஓட்டை மாற்றுவார்களா, வீட்டை இடித்துவிட்டுக் குடை கொடுப்பார்களா?

கொடுத்த குடையாவது ஒழுங்கான குடையா? நிதி ஆயோக் கேட்டுக்கொண்டதன் பேரில் பொருளாதார ஆய்வாளர்கள் இந்த யூனியன் பிரதேசங்களில் பயனாளிகளிடம் சென்று விசாரித்தார்கள். சர்க்கார் ஏட்டில் "செலுத்தப்பட்டது" என்றிருந்த பணம் வந்ததாகவே பலருக்குத் தெரியவில்லை. வந்ததென்று தெரிந்தவர்களும் அதை எடுக்கவும் கடைக்குப் போகவும் பழைய ரேஷனைவிட அதிக நேரமும் செலவும் பிடிக்கிறது என்றார்கள். கிடைத்த தொகைக்கு அதே அளவு தானியம் சந்தையில் கிடைக்கவில்லை என்றும் சொன்னார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார் சொன்னதற்கு இத்தனை பெரிய ஆராய்ச்சி சாட்சி!

இதற்கு மேல் புதுவை சர்க்கார் தன் சொந்தச் செலவில் நடத்திய இலவச அரிசித் திட்டத்திலும் அதே சண்டை புகுந்தது. சிவப்பு அட்டைக்கு 20 கிலோ, மஞ்சள் அட்டைக்கு 10 கிலோ. அரிசியாகவே கொடுப்போம் என்றது நாராயணசாமி அமைச்சரவை; பணமாகக் கொடு என்றார் துணைநிலை ஆளுநர் கிரண் பேடி; மத்திய சர்க்கார் ஆளுநர் பக்கம் சாய்ந்தது. முதலமைச்சர் உயர்நீதிமன்றம் போனார். 2020 பிப்ரவரியில் வழக்கு தள்ளுபடியாயிற்று. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அமைச்சரவைக்கு, தன் மக்களுக்கு அரிசி போடலாமா காசு போடலாமா என்று தீர்மானிக்கும் அதிகாரங்கூட இல்லை என்றால், அந்தச் சட்டசபைக்குக் கட்டடம் எதற்கு? இது கட்சிப் பிரச்சினையன்று. பணத் திட்டம் புகுந்தபோது ஒரு கட்சி ஆட்சி, எதிர்த்தபோது இன்னொரு கட்சி ஆட்சி. மாறாமல் இருந்தது அதிகாரம் இருந்த இடம்.

20 கிலோவுக்கு 600 ரூபாய், 10 கிலோவுக்கு 300 ரூபாய் என்று போட்டார்கள். அதாவது கிலோவுக்கு 30. இந்த முப்பதை எடுத்துக்கொண்டு சர்க்காரின் சொந்தக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். நூறு கிலோ நெல்லை அரைத்தால் புழுங்கலரிசி 68 கிலோ வர வேண்டும் என்பது இந்திய உணவுக் கழகத்தின் அளவு. 2019-20இல் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய சர்க்கார் நிர்ணயித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 1,815 ரூபாய். நெல் விலையை மட்டும் அரிசிக்குப் பங்கிட்டால் கிலோ 26 ரூபாய் 69 காசு. அவித்த கூலி, அரைத்த கூலி, லாரி வாடகை, சாக்கு, வியாபாரி லாபம் ஒன்றும் சேராமல்! 2025-26இல் அதே நெல்லுக்கு ஆதரவு விலை 2,369 ரூபாய். கிலோ அரிசிக்கு 34 ரூபாய் 84 காசு. உழவனுக்கு ஆதரவு விலை ஆண்டுக்கு ஆண்டு ஏறுவது நியாயம், ஏறத்தான் வேண்டும். அந்த ஏற்றத்தைப் பின்தொடர்ந்து முப்பது ரூபாயும் தானாக ஏறும் என்று எந்த உத்தரவிலாவது எழுதியிருந்ததா? ஆறு ஆண்டில் நெல்லின் விலை முப்பதைத் தாண்டிப் போய்விட்டது. அரிசியாகக் கொடுத்திருந்தால் 20 கிலோ 20 கிலோவாகவே நின்றிருக்கும்.

காசு வீட்டுக்குள் வரும் பாதையையும் கவனிக்க வேண்டும். அரிசி மூட்டை வந்தால் நேரே அடுப்பங்கரைக்குப் போகும். அதை யாரும் வழிமறிக்க மாட்டார்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டமே குடும்பத்தின் மூத்த பெண்ணைத்தான் அட்டையின் தலைவி என்று சொல்கிறது. பணம் அப்படியல்ல. வங்கிக்குள் நுழைகிறது, அங்கிருந்து வெளியே வருவதற்குள் வாரத் தவணைக்காரன் காத்திருக்கிறான், பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு காத்திருக்கிறது, மருந்துக் கடைப் பாக்கி காத்திருக்கிறது. வாஞ்சூர்ச் சாலையில் வரிசையாகத் திறந்திருக்கும் கடைகளைப் பற்றித் தமிழ்நாட்டுத் தோழர்களுக்கும் நாம் விளக்க வேண்டியதில்லை. ரேஷன் கடை பூட்டிக் கிடந்த ஆண்டுகளில் அவை பூட்டப்படவில்லை என்று மட்டும் சொல்லிவைப்போம். ஆண்மக்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டு அம்மையாரைக் கேட்டுப் பாருங்கள், 600 ரூபாயா, 20 கிலோ அரிசியா என்று.

காரைக்கால் அம்மையார் கதையைக்கூட நாம் இப்படிப் படிக்கலாம். கணவன் அனுப்பிய மாங்கனி இரண்டு. பசித்து வந்த அடியவருக்குச் சோற்றோடு ஒன்றை இட்டுவிட்டாள். மத்தியானம் கணவன் சாப்பிட்டுவிட்டு இன்னொன்றும் கேட்கிறான், அவள் திகைக்கிறாள். தெய்வச் செயல் என்பது பக்தர் கட்சி. வீட்டுக்குள் வந்த உணவுப் பண்டத்தை யாருக்குப் பங்கிடுவது என்ற அதிகாரம் பெண்ணுக்கு எவ்வளவு இருந்தது, அதற்காக அவள் எப்படி நடுங்க வேண்டியிருந்தது என்பது நம் கட்சி.

இந்தப் பரிசோதனை உண்மையில் சோதிக்கப்பட்ட நாள் ஒன்று வந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நாடு அடைக்கப்பட்டது. வேலை இல்லை, கூலி இல்லை, கடல் தொழில் இல்லை. அப்போது மத்திய சர்க்கார் என்ன கொடுத்தது? ஆளுக்கு 5 கிலோ தானியம்! பணம் போதும், தானியம் வேண்டாம் என்று ஐந்தாண்டு பாடம் நடத்தியவர்கள், நெருக்கடி வந்ததும் தானியத்தைத்தான் எடுத்தார்கள். புதுவையிலோ அதைக் கொடுக்கக் கடை இல்லை. ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன. ஊழியர்கள் சம்பளமின்றித் தெருவில் நின்று போராடிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடங்களிலும் தெருக்களிலும் சர்க்கார் சிப்பந்திகளை நிறுத்தி விநியோகிக்க வேண்டியதாயிற்று. கதவைப் பூட்டிச் சாவியைக் கடலில் எறிந்தவன், வீடு தீப்பற்றியதும் ஓட்டைப் பிரித்து இறங்கிய கதை!

ஆண்டுக்கணக்கான கிளர்ச்சிக்கும் கோரிக்கைக்கும் பிறகு, 2024 அக்டோபரில், தீபாவளியை ஒட்டிப் புதுவை மாநிலத்தில் ரேஷன் கடைகள் மறுபடியும் திறக்கப்பட்டன. அரிசி வந்தது. வரவேற்கிறோம். எனினும் வந்த அரிசியைக் கையில் எடுத்து நாம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி ஒன்று இருக்கிறது. இது எந்த ஊர் அரிசி?

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். காவிரி நடுவர் மன்றம் 2007இல் இறுதித் தீர்ப்பு சொன்னபோது காரைக்காலுக்காகப் புதுவைக்கு 7 டி.எம்.சி. ஒதுக்கியது. 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 419இலிருந்து 404.25ஆகக் குறைத்தபோதும் இந்த ஏழில் கை வைக்கவில்லை. காகிதத்தில் ஏழு! ஆனால் அது குடகிலிருந்து கிளம்பி, கர்நாடகத்து அணைகளையெல்லாம் தாண்டி, மேட்டூரில் நின்று, கல்லணையில் பிரிந்து, தஞ்சைக்கும் திருவாரூருக்கும் கொடுத்த மிச்சத்தில் பட்டினத்துக்கு வந்து சேர வேண்டும். மேட்டூரை ஜூன் 12இல் திறக்கும் வழக்கம் 2012இலிருந்து எட்டு ஆண்டு தவறி, 2020இல்தான் மறுபடி கூடிவந்தது. 2024இல் ஜூலை கடைசியில் திறந்தார்கள். தலைமடைக்காரன் நடவு முடித்துக் களை எடுக்கும்போது கடைமடைக்காரன் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். தண்ணீர் வந்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் வருகிறது. 2004 டிசம்பர் 26இல் கடலே வயலுக்குள் வந்தது. உப்பை விட்டுப் போயிற்று.

உவர் நிலத்தைத் தாங்கும் நெல் இந்தக் கரையோரத்தில் முன்பு இருந்தது. களர்ப்பாலை, குழியடிச்சான், குடவாழை என்று பெயர் சொல்வார்கள். விளைச்சல் குறைவு, ஆனால் எதுவும் விளையாத ஆண்டில் இது விளைந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் விதைத் திருவிழா நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட பழைய ரகங்களைத் தேடிப்பிடித்துப் பரப்பிய நெல் ஜெயராமன் 2018 டிசம்பரில் மறைந்தார். அவர் சேர்த்த ரகங்கள் இன்று பட்டணத்துக் கடைகளில் கண்ணாடிப் பையில் ஏறிவிட்டன. மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் காரில் வந்து வாங்குகிறவன் வீட்டுக்குப் போகின்றன. விளைவித்தவன் மில் அரிசி வாங்கிச் சாப்பிடுகிறான். பாரம்பரிய உணவு என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் இந்த ஒன்றையும் சேர்த்துப் பேசினால் புண்ணியமாகப் போகும்.

அறுவடைக்கு வருவோம். இப்போது அறுப்பது இயந்திரம். ஒரு மணி நேரத்தில் ஓர் ஏக்கர்! ஆள் கிடைக்காத ஊரில் இயந்திரம் வேண்டாம் என்று நாம் சொல்லப்போவதில்லை; குனிந்து அறுத்த முதுகுக்குத்தான் அந்த வலி தெரியும். ஆனால் அதன் சக்கரத்தில் நசுங்குவது என்னென்ன என்று தெரிந்திருக்க வேண்டும். முன்னதாக விதைத்து முளைத்து நின்ற உளுந்தும் பயறும் நசுங்குகின்றன. ஆகவே பலர் விதைப்பதையே விட்டுவிட்டார்கள். அறுப்புக் கூலியாகப் பெண்கள் தலையில் சுமந்துவந்த நெல் போயிற்று. கதிர் பொறுக்கி எடுத்த கிழவிகளின் முறத்து நெல்லும் போயிற்று. ஈரநெல் வயலிலிருந்தே வியாபாரியின் லாரிக்குப் போகிறது. களம் இல்லை, காயப்போட இடமில்லை, கடன்காரனோ வாசலில். வீட்டுக்கென்று ஒதுக்க நேரம் ஏது? தமிழ்நாட்டில் உள்ளதுபோல் ஊருக்கு ஊர் நேரடிக் கொள்முதல் நிலையம் வேண்டும் என்பது காரைக்கால் விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கை. அது இல்லாத பருவத்தில் வியாபாரி சொன்னதே விலை, அவன் படியே படி.

ஆக, போலகத்து நெல் குறைந்த விலைக்கு லாரி ஏறி எங்கோ போகிறது. எங்கிருந்தோ வந்த அரிசி உணவுக் கழகக் கிடங்கு வழியாகப் போலகத்து அட்டைக்காரனுக்கு வருகிறது. இரண்டு லாரிகளும் வாஞ்சூர்ப் பாதையில் ஒன்றையொன்று கடந்து போனாலும் ஆச்சரியமில்லை!

இதற்குப் புதிதாகச் சட்டம் செய்ய வேண்டியதில்லை. மாநிலமே உழவனிடம் ஆதரவு விலைக்கு நெல்லை வாங்கி, தன் ஊரிலேயே அரைத்து, தன் ரேஷன் கடையிலேயே போடலாம். செலவை மத்திய சர்க்கார் ஈடுகட்டும் என்று 1997-98இலிருந்தே ஒரு திட்டம் இருக்கிறது. தமிழ்நாடு 2002 அக்டோபரில் அதில் சேர்ந்தது. காரைக்கால் மாவட்டம் முழுவதும் சேர்த்தால் சுமார் 160 சதுர கிலோமீட்டர். 2011 மக்கள் தொகை 2,00,222. இத்தனை சிறிய இடத்தில் வயலுக்கும் அரவை மில்லுக்கும் கடைக்கும் தூரம் என்ன? ஒரு சைக்கிள் தூரம்! சேருமாவிலங்கையில் 1987இலிருந்து ஒரு வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. உவர் தாங்கும் விதையைப் பெருக்கிக் கொடுக்க அதைக் கேட்கலாம். உளுந்தையும் பயறையும் அதே கடைக்கு வாங்குவோம் என்று சர்க்கார் முன்கூட்டி விலை சொன்னால், இயந்திரத்துக்கு வழி ஒதுக்கி மறுபடி விதைக்க உழவனுக்கும் மனம் வரும்.

யாரிடம் போய்க் கேட்பது என்பதுதான் சிக்கல். கொம்யூன் பஞ்சாயத்து என்று பெயருக்கு ஒன்று இருக்கிறது. புதுவையில் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல். இடையில் முப்பத்தெட்டு ஆண்டு! அவர்கள் காலமும் 2011இல் முடிந்தது. அதன்பின் ஆணையர் ஆட்சியிலேயே ஆண்டுகள் ஓடின. பட்டினத்துக்காரன் தன் கடையில் அரிசி வரவில்லை என்று சொல்லத் தன் தெருவில் ஓர் உறுப்பினன் இல்லாமல், 130 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து புதுச்சேரிக்கு மனுக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

ஆகவே கிளைத் தோழர்கள் செய்ய வேண்டியது இது. போலகம், கீழையூர், பட்டினச்சேரி, வாஞ்சூர் என்று கடை கடையாகப் போய், மாதம் எத்தனை கிலோ வந்தது, எந்தத் தேதியில் வந்தது, எந்த மில் சாக்கு என்று அட்டைக்காரப் பெண்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். தை பிறக்கும்போது வயலுக்குப் போய், நெல் எந்த விலைக்குப் போகிறது, ஆதரவு விலைக்கு எத்தனை ரூபாய் குறைவு என்பதை அதே நோட்டின் எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள். அந்த இரண்டு பக்கத்தையும் மாவட்ட ஆட்சியரின் மேஜைமேல் கொண்டுபோய் விரித்து வையுங்கள்.